காட்டுக்குப் போகும் முன் காகிதத்தைப் பாருங்கள்: கொங்கு நாட்டில் புதிதாகப் பண்ணையம் எடுக்கும் பெண்களுக்கு

காங்கயத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கேனிலிருந்து ஒரு கரண்டி பால் எடுத்து, கொழுப்பும் இதர சத்தும் பார்த்து, அளவையும் எழுதிச் சீட்டைக் கிழித்துத் தருகிறார்கள். அந்தச் சீட்டில் ஒரு பெண்மணிக்கு வந்துகொண்டிருந்தது அவருடைய கணவர் பெயர். கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சோளத்தட்டு அறுத்துப் போட்டு, தண்ணீர் காட்டி, இரண்டு வேளையும் கறந்தவர் அந்த அம்மாதான். ஆனால் கணக்கில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் இறந்துபோனவர். மாடு வாங்கக் கடன் கேட்டுப் போனபோதுதான், பால் ஊற்றியதற்கான சான்று எதுவும் தன் பெயரில் இல்லை என்பது அவருக்குத் தெரியவந்தது.

கொங்கு நாட்டில் பண்ணையத்துக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு உழைப்பைக் கற்றுத்தரக் கட்டுரை வேண்டியதில்லை. மாமியாரும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் அதைக் கற்றுத்தந்துவிடுவார்கள். அவர்கள் கற்றுத்தராமல் விடுவது, அந்த உழைப்பு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதை. கல்யாணமாகித் தோட்டத்துச் சாளைக்கு (பண்ணை வீட்டுக்கு) வந்தவர், கணவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதால் காட்டை (விளைநிலத்தை) கையில் எடுத்தவர், துணையை இழந்து தனியாகப் பண்ணையம் பார்ப்பவர், நிலமில்லாமல் இரண்டு ஆட்டையும் ஒரு கறவையையும் நம்பி இருப்பவர் ஆகிய எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பெயரைச் சரிசெய்வது

விதையோ உரமோ வாங்கும் முன் ஒரு கோப்புறை வாங்குங்கள். ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், குடும்ப அட்டை, பட்டா ஆகிய நான்கையும் மேசைமேல் பரப்பி, உங்கள் பெயர் நான்கிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் பிறந்த வீட்டு இனிஷியல், இன்னொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து, மூன்றாவதில் இனிஷியலே இல்லாத வெறும் பெயர் என்றிருப்பது நம் பக்கத்துப் பெண்களுக்கு வாடிக்கை. ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய இனிஷியல் பிறந்தது முதல் மாறுவதில்லை. பிரதமரின் உழவர் உதவித்தொகையான ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்தாலும் பயிர்க்கடனாக இருந்தாலும், ஆதாரிலுள்ள பெயரும் நில ஆவணத்திலுள்ள பெயரும் பொருந்தவில்லையென்றால் கணினி திருப்பி அனுப்பிவிடும். எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது என்று ஒருமுறை முடிவுசெய்து, மற்ற ஆவணங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அலைச்சல்தான், ஆனால் ஒரே ஒரு முறை அலைந்தால் போதும்.

அடுத்தது நிலம். பட்டா என்பது உரிமைப் பதிவு. அடங்கல் என்பது எந்தப் புலத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் பசலி ஆண்டுதோறும் எழுதும் கணக்கு. பசலி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பட்டாவை இணையத்திலோ இ-சேவை மையத்திலோ எடுத்துக்கொள்ளலாம். பட்டாவில் மாமனார் பெயரே இருந்து அவர் காலமாகியிருந்தால், முதலில் வாரிசுச் சான்று, அதன் பிறகு பட்டா மாறுதல் என்ற வரிசையில் செல்லவேண்டும். உயில் எழுதாமல் இந்துக் குடும்பத்து ஆண் ஒருவர் இறந்தால், அவருடைய பங்கில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சம உரிமையுள்ள வாரிசுகள். கைம்பெண்ணை விட்டுவிட்டு மகன்கள் பெயரில் மட்டும் பட்டா மாற்றுவது வழக்கமாகப் போய்விட்டது. வாரிசுச் சான்றில் பெயர் இருக்கும்போது பட்டாவில் மட்டும் விடுபடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. கூட்டுப் பட்டாவாகவாவது உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிறந்த வீட்டுப் பங்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஊர்களில் பேச்சு நின்றுவிடுகிறது. மூதாதையர் வழிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிந்து பாகம் பிரித்திருந்தால் அதைத் தொட முடியாது. “சீர்தான் செஞ்சாச்சே, கண்ணு, அப்புறம் என்ன பங்கு?” என்ற கேள்வி வரும், சீர் வேறு, பங்கு வேறு. உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுப்பதோ கொடுக்காததோ உங்கள் விருப்பம். ஆனால் கல்யாண வீட்டிலோ நோம்பிக்குப் போன இடத்திலோ “ஒரு கையெழுத்து” என்று நீட்டப்படும் காகிதம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். பதிவுசெய்த விடுதலைப் பத்திரத்தை வாபஸ் வாங்குவது எளிதன்று.

புதிதாக நிலம் வாங்குவதாக இருந்தால் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆண்கள் பெண் பெயரில் வாங்க முன்வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கிறது. எந்தக் காரணமாக இருந்தாலும் பத்திரம் உங்கள் பெயரில் வந்தால் சரி. கிணற்று மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பட்டா மாறிய பின்னும் மின் இணைப்பு தாத்தா பெயரிலேயே கிடக்கும் தோட்டங்கள் ஏராளம்.

இரண்டாம் படி: தண்ணீர் முறையையும் வேலைக் கணக்கையும் அறிவது

கொங்கில் நிலத்தைக் காடு, தோட்டம், வயல் என்று பிரித்துப் பேசுவது தண்ணீரை வைத்துத்தான். காடு வானம் பார்த்தது. தோட்டம் கிணறு பார்த்தது. வயல் வாய்க்கால் பார்த்தது. கீழ்பவானிப் பாசனத்தில் உள்ள 2,07,000 ஏக்கரும் ஒரே சமயத்தில் நனைவதில்லை. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்கு நன்செய்ப் போகமும் மறு பாதிக்குப் புன்செய்ப் போகமும் முறைவைத்து விடுகிறார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்கள். உங்கள் நிலம் எந்த மதகு, எந்த மண்டலம் என்று தெரியாமல் நாற்றுப் போடக்கூடாது. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கமாக இருந்தால் உங்களுக்குக் கொறங்காடு வாய்த்திருக்கலாம்: கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள். மேய்ச்சலுக்கு விட்ட இந்த நிலத்தை வெறுங்காடு என்று நினைத்து உழுதுவிடாதீர்கள். மழை குறைந்த ஆண்டிலும் மாடு பிழைப்பது அதில்தான்.

முதல் ஓர் ஆண்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். என்ன விதை, என்ன உரம் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் வேலை நேரத்தையும் எழுதவேண்டும். மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆனி வாக்கில் விதைக்கிழங்கு நடுவதில் தொடங்கி, களை, மண் அணைப்பு, தாள் அறுப்பு, வெட்டியதைப் பொறுக்குவது, மண்ணைத் தட்டி விரலியையும் குண்டையும் பிரிப்பது, வேகவைத்ததைக் களத்தில் பரப்பிப் பல நாள் புரட்டிப் புரட்டிக் காயவைப்பது என்று பெரும்பகுதி பெண்களின் கையில்தான் நகர்கிறது. உழவுக்கு டிராக்டர் வாடகையும், வேகவைக்க, மெருகேற்ற இயந்திர வாடகையும் செலவுக் கணக்கில் ஏறிவிடும். களத்தில் குனிந்து புரட்டிய நாட்கள் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. “வீட்டாள் செஞ்சதுதானே” என்று அந்த நாட்களை விட்டுவிட்டுப் போடும் லாபக் கணக்கு பொய்க்கணக்கு. நான் முதன்முதலில் எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு என் நாட்களையும் என் நாத்தனார் நாட்களையும் ஊரில் கொடுக்கும் கூலி விலைக்கே எழுதிப் பார்த்தபோது, லாபம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த தொகையில் பாதிக்குமேல் எங்கள் இருவருடைய கூலிதான் என்று தெரிந்தது. அதன் பிறகு எந்தப் பயிரை எத்தனை ஏக்கர் போடுவது என்ற பேச்சில் எங்களையும் கேட்காமல் முடிவு செய்வது நின்றது.

மஞ்சளை அறுவடையான உடனே விற்கவேண்டிய கட்டாயம் இல்லையென்றால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். இருப்பு ரசீதை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தக் குறியீட்டின் பயன் நாம் காயவைக்கும் சுத்தத்திலும் தரம் பிரிக்கும் நேர்த்தியிலும்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: பால் கணக்கு

ஒவ்வொரு மாதமும் கையில் காசு வருவது பாலிலிருந்துதான் என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஊர்ச் சங்கச் செயலாளரிடம் உறுப்பினர் விண்ணப்பம் கேட்டு, உங்கள் பெயரிலேயே உறுப்பினராகி, பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வரும்படி செய்யுங்கள். மேலே சொன்ன அம்மாவுக்குக் கடைசியில் செய்ததும் இதைத்தான். ஒரு விண்ணப்பம், ஒரு பங்குத் தொகை, இறப்புச் சான்றின் நகல். மூன்று ஆண்டு இழுத்தது மூன்று காகிதத்தில் முடிந்தது. உறுப்பினராக இருந்தால் சங்கத் தேர்தலில் வாக்கும் உண்டு, நிற்கும் உரிமையும் உண்டு.

சீட்டில் கொழுப்பு குறைந்து வந்தால் உடனே சொசைட்டிக்காரருடன் சண்டைக்குப் போகாதீர்கள். மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு கூடுதல். அவசரத்தில் கறந்து மிச்சத்தைக் கன்றுக்கு விட்டால் கொழுப்பைக் கன்று குடித்துவிடும். பசுந்தீவனம் மட்டுமே போட்டு, சோளத்தட்டு போன்ற காய்ந்த தீவனத்தைக் குறைத்தாலும் கொழுப்பு இறங்கும். இரண்டையும் சரிசெய்து பத்து நாள் பார்த்த பிறகும் குறைந்தால், உங்கள் கண் முன்னே சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். சீட்டுகளைக் கம்பியில் குத்தி வையுங்கள். கடன் கேட்கும்போது அவைதான் உங்கள் சம்பளச் சான்று.

நான்காம் படி: குழு

இதற்குக் கொஞ்சம் நிதானமாக உட்காரவேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் அரசின் திட்டமாக வேர்விட்டது 1989-இல் தருமபுரி மாவட்டத்தில். 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி குழுக்களையும் வங்கிகளையும் இணைக்கத் தொடங்கியது. இன்று குழு இல்லாத ஊர் இல்லை. ஆனாலும் பெயருக்கு இருக்கும் குழுவும் நடக்கும் குழுவும் வேறு வேறு. சேரும் முன் மூன்றைப் பாருங்கள்: கூட்டம் குறித்த நாளில் நடக்கிறதா, கணக்கு நோட்டு யார் கேட்டாலும் காட்டப்படுகிறதா, குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் எப்போதாவது மாறுகிறார்களா. பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டுத் திண்ணையில், ஒரே ஆள் கையில் நோட்டு இருக்கும் குழுவில் சேராதீர்கள். வேறு குழு இல்லையென்றால், 12 முதல் 20 பேரைத் திரட்டி ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் வழியாகப் புதிதாகத் தொடங்கலாம்.

யாரைச் சேர்ப்பது என்பதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. காட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் ஒரு குழு, அந்தக் காட்டுக்குக் களையெடுக்க வருபவர்கள் இன்னொரு குழு என்று சாதி பார்த்துப் பிரிந்திருப்பதுதான் நம் ஊர்களின் நடைமுறை. ஒரே பாயில் உட்காரும் குழு அரிது. ஆனால் கூலி, நேரம், குடிதண்ணீர் என்று ஊர் விஷயம் எதையாவது பேசி முடிக்கிற குழுவாக நான் பார்த்தது அந்த அரிதான குழுக்களைத்தான். ஊராட்சிக் கூட்டமைப்பில் எப்படியும் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காரவேண்டும். அதைக் குழுவிலிருந்தே தொடங்குவது நல்லது.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 12 பேர் வாரம் 50 ரூபாய் சேமித்தால் வாரத்துக்கு 600. 26 வாரத்தில், அதாவது அரை ஆண்டில், 15,600 ரூபாய். இந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் உறுப்பினர்களுக்குள் கடன் கொடுத்து வாங்கவேண்டும். உள்கடன் சுழல்வதைத்தான் வங்கி முதலில் பார்க்கிறது. ஒருவர் 5,000 ரூபாய் வாங்கி, மாதம் 500 வீதம் பத்து மாதத்தில் கட்டுகிறார், வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மீதித் தொகைக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 50, அடுத்த மாதம் 45, கடைசி மாதம் 5. மொத்த வட்டி 275 ரூபாய். வாங்கிய முழுத் தொகைக்கே பத்து மாதமும் வட்டி போட்டால் 500 ரூபாய். “ஒரு வட்டிதான்” என்று சொல்லி இரண்டாவது கணக்கைப் போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வாசலுக்கே வந்து, ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு, வாரத் தவணைக்குக் கடன் தருகிறவரிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி இதுதான்: வட்டி மீதிக்கா, முழுத் தொகைக்கா?

ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவை வங்கி தரம் பார்த்துக் கடன் தரும். 10 லட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி; உங்கள் சேமிப்பைக் கடனுக்குப் பிணையாக முடக்கவும் கூடாது. ஒரு கிளையில் எங்கள் சேமிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுத்தபோது, விதியை எழுத்தில் காட்டித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்று பார்க்காமல் எதற்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள். கடன் உங்கள் பெயரிலும் அதில் வாங்கிய மோட்டார் சைக்கிள் அவர் பெயரிலும் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம்; தவணை நாளன்று கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பது வண்டியல்ல. கணவரோடு சண்டை போடச் சொல்லவில்லை. கடன் வாங்கும் முன்பே குழுத் தீர்மானத்தில் இன்ன காரியத்துக்கு என்று எழுதிவிட்டால், வீட்டில் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நிலமில்லாதவர்கள் நான்கிலிருந்து பத்துப் பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து, குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்யவும் வங்கிக் கடன் கேட்கலாம். குத்தகையைப் பத்திரத் தாளில் எழுதி வாங்குங்கள்; வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் காய்ப்பதற்குள் வார்த்தை மாறிவிடும்.

ஐந்தாம் படி: மானியம், பயிற்சி, சந்தை

இவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் முதல் படி சரியாக இருந்தால் இவை தாமாகவே வரும். பண்ணைக் கருவிகள் வாங்கும்போது பெண் உழவர்களுக்கும், சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடி உழவர்களுக்கும் 50 சதவீதம் வரை மானியம், மற்றவர்களுக்கு 40. பட்டா உங்கள் பெயரில் இருந்தால்தான் இந்த வேறுபாடு உங்களுக்குக் கிடைக்கும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியம் உண்டு. ஐந்து ஏக்கர் வரை சிறு உழவர், இரண்டரை ஏக்கர் வரை குறு உழவர். தாசில்தார் சான்று வேண்டும். விண்ணப்பத்தை அரசின் உழவன் கைபேசிச் செயலியிலேயே போடலாம். களையெடுக்கும் இயந்திரம் வாங்குவதானால் கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆண்களின் உயரத்துக்கும் தோள்வலுவுக்கும் செய்த கருவி வாங்கிய வாரமே சாளைக்குள் போய்விடும்.

பயிற்சிக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோபிசெட்டிபாளையத்து மைராடா வேளாண் அறிவியல் நிலையம், காரமடையில் அவினாசிலிங்கம் நிலையம், நாமக்கல் நிலையம் என்று பக்கத்திலேயே இடங்கள் உள்ளன. தனியாகப் போகாதீர்கள், குழுவில் மூன்று பேராகப் போனால், திரும்பி வந்து செய்துபார்க்கும்போது ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருப்பார்.

காய்கறி போடுபவர்களுக்கு உழவர் சந்தை. 1999-இல் தொடங்கிய இந்தச் சந்தைகளில் கடைக்கு வாடகை இல்லை, தராசும் அவர்களே தருகிறார்கள். அடையாள அட்டை மட்டும் வேண்டும். அட்டையில் உங்கள் படம் இருக்கட்டும். கணவர் பெயர் அட்டையை வைத்து நீங்கள் விற்றுக்கொண்டிருந்தால், சோதனைக்கு வரும் நாளில் எழுந்து போகவேண்டியது நீங்கள்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்தாலும் இதே கதை: பங்குச் சான்றிதழ் யார் பெயரில் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆறாம் படி: கிராம சபை

மேட்டுப்பாளையத்துக்கு அருகில் தேக்கம்பட்டியில் இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் பண்ணையம் பார்த்த பாப்பம்மாள் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நூறு வயதைக் கடந்தும் காட்டுக்குப் போனார் என்பதைத்தான் பலரும் எழுதினார்கள். கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கியவர் என்பதும், ஊராட்சிப் பொறுப்புக்கும் ஒன்றியக் கவுன்சிலுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதும், வேளாண்மைப் பல்கலைக்கழக உழவர் கூட்டங்களில் தவறாமல் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டவர் என்பதும் புதிதாக வருபவர் கவனிக்கவேண்டிய செய்திகள். நிலமும் பொறுப்பும் அவர் பெயரிலேயே இருந்தன.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமானது. பதவிக்கு நிற்பது பிறகு இருக்கட்டும். கிராம சபைக்குப் போவதில் தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. “தண்ணி வசதி வேணுங்க” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். இன்ன புல எண்ணில் உள்ள ஊராட்சிப் புறம்போக்கில் இத்தனை அடிக்கு இத்தனை அடி உலர்களம் வேண்டும் என்று குழுத் தீர்மானத்தோடு எழுதிக் கொடுத்து, அதைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் செய்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு தீர்மானம் எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஆகவே தீர்மானங்களை வாசித்து முடித்த பின்பே கையெழுத்துப் போடுங்கள், அதையும் இன்னாருடைய மனைவி என்று போடாமல் ஆதாரில் உள்ள உங்கள் பெயரால் போடுங்கள். கூட்டம் பெரும்பாலும் காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில்தான் நடக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் புறப்பட்டால் போதும்.